ஊர் பேசுவதைக் கேட்கும் நிரல்

2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், சனிக்கிழமை. இடைவிடாது பெய்த மழையால் சிலாங்கூர் மாநிலத்தின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. ஷா ஆலத்திலுள்ள தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளத்தை வெள்ளம் சூழ்ந்தது. மக்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் ஒதுங்கினர். கையிலிருந்த திறன்பேசியே பலருக்கு வெளியுலகத் தொடர்பாக இருந்தது. வீட்டு எண், தெருப் பெயர், சிக்கியிருப்போர் எண்ணிக்கை ஆகியவற்றைச் சமூக ஊடகங்களில் பதிவிட்டு அவர்கள் உதவி கோரினர். ‘வெள்ள அவசர நிலை’ என்று பொருள்படும் மலாய்ச் சொற்கள் விரைவாகப் பரவின. அவற்றைக் கண்டு, படகு வைத்திருந்த பொதுமக்களும் தன்னார்வலர்களும் மீட்புப் பணியில் இறங்கினர்.

அந்த வெள்ளப் பேரிடரில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பொருளிழப்பு ஏறக்குறைய 610 கோடி ரிங்கிட் என நாட்டின் புள்ளிவிவரத் துறை கணித்தது. இத்தகைய நேரத்தில் எந்த ஊர் மக்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை உடனுக்குடன் அறிவது உயிர் காக்கும் செயலாகும். ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒருவர் தாமே படித்து முடிக்க இயலாது. அப்பணியை ஒரு சிறிய கணினி நிரல் செய்துவிடும். அந்நிரல் எவ்வாறு இயங்குகிறது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பேசுபொருள் என்றால் என்ன?

ஒரு குறிப்பிட்ட நேரத்தில் திடீரெனப் பலராலும் பேசப்படும் தலைப்பையே ‘டிரெண்டிங்’ என்கின்றனர். தமிழில் அதனைப் ‘பேசுபொருள்’ எனலாம். டுவிட்டர் தளம் 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஒரே தலைப்பில் அமைந்த பதிவுகளை ஒன்றுசேர்க்கச் சொல்லின் முன் ஒரு குறியை இடலாம் என்று கிறிஸ் மெசினா என்பவர் பரிந்துரைத்தார். அதுவே இன்று ‘ஹேஷ்டேக்’ என்றும் தமிழில் ‘கொத்துக்குறி’ என்றும் வழங்கப்படுகிறது. 2010ஆம் ஆண்டு ஜனவரியில் டுவிட்டர் ஊர்வாரியான பேசுபொருள் பட்டியலையும் வெளியிடத் தொடங்கியது. உலகம் முழுவதற்கும் ஒரே பட்டியல் என்னும் நிலை மாறி, நாட்டுக்கும் நகருக்கும் தனித்தனிப் பட்டியல்கள் கிடைத்தன.

அதிகம் பேசப்படுவதுதான் பட்டியலில் முதலிடம் பெறும் என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. எண்ணிக்கையைவிட, அது திடீரென உயரும் வேகமே கணக்கில் கொள்ளப்படுகிறது. இதனை ஒரு கற்பனைக் கணக்கின்வழி விளங்கிக்கொள்ளலாம். ஒரு நகரில் ‘காலை வணக்கம்’ என்னும் சொல் நாள்தோறும் மணிக்கு 10,000 முறை எழுதப்படுகிறது என்று கொள்வோம். ‘வெள்ளம்’ என்னும் சொல் வழக்கமாக மணிக்கு 20 முறைதான் எழுதப்படுகிறது. ஒருநாள் காலையில் அது 2,000 முறை எழுதப்படுகிறது. எண்ணிக்கையில் ‘காலை வணக்கம்’தான் பெரிது. ஆனால், அது வழக்கத்திலிருந்து மாறவில்லை. ‘வெள்ளம்’ என்னும் சொல்லோ வழக்கத்தைவிட 100 மடங்கு உயர்ந்துள்ளது. எனவே, அதுவே பட்டியலில் இடம்பெறும். நாள்தோறும் பேசப்படும் பெரிய சிக்கல்கள் சில வேளைகளில் பட்டியலில் இடம்பெறாமல் போவதற்கும் இதுவே காரணமாகும்.

ஊருக்கு ஓர் எண்

மனிதர்கள் ஊரைப் பெயரால் அறிவர். கணினிக்குப் பெயர் மட்டும் போதாது. ஜார்ஜ்டவுன் என்றால் நம் நாட்டவர் பினாங்கை நினைப்பர். தென் அமெரிக்காவிலுள்ள கயானா நாட்டின் தலைநகருக்கும் அதே பெயர்தான். சென்னையிலும் ஜார்ஜ் டவுன் என்றொரு பகுதி உண்டு. மறுபுறம், ஒரே ஊருக்குப் பல பெயர்களும் உண்டு. பினாங்கு, பூலாவ் பினாங், பெனாங் ஆகிய மூன்றும் ஒரே தீவையே குறிக்கின்றன.

இக்குழப்பத்தைத் தீர்க்க, யாகூ நிறுவனம் உலகிலுள்ள இடங்களுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கியது. டுவிட்டர் தன் பட்டியல்களுக்கு அவ்வெண்களையே பயன்படுத்தியது. உலகம் முழுவதற்கும் உரிய எண் 1. மலேசியாவின் எண் 23424901. கோலாலம்பூரின் எண் 1154781. சிங்கப்பூருக்கு இரண்டு எண்கள் உள்ளன. நாடு என்ற முறையில் 23424948. நகர் என்ற முறையில் 1062617. மாணவருக்கு அடையாள அட்டை எண் இருப்பதைப் போன்றதே இதுவும். ஒரே பெயரில் பலர் இருந்தாலும் எண் ஒருவரை மட்டுமே சுட்டும்.

நிரல் செயல்படும் முறை

நூலகத்தின் உள்ளறையில் ஆயிரக்கணக்கான நூல்கள் அடுக்கப்பட்டுள்ளன. வாசகர் அவ்வறைக்குள் நுழைவதில்லை. முகப்பில் ஒரு சீட்டில் நூலின் எண்ணை எழுதிக் கொடுக்கிறார். நூலகர் அந்நூலை எடுத்து வந்து தருகிறார். சமூக ஊடகத் தளங்களும் இத்தகைய முகப்பு ஒன்றை வைத்துள்ளன. அதனை ‘ஏ.பி.ஐ.’ என்பர். நிரல் தன் வேண்டுகோளை அங்கே கொடுக்கும். தளம் உரிய தரவைத் திருப்பி அனுப்பும்.

முதலாவதாக, நிரலர் தளத்தில் பதிந்துகொண்டு ஒரு திறவுகோலைப் பெற வேண்டும். அது நீண்டதொரு எழுத்துத் தொடராக இருக்கும். நூலக உறுப்பினர் அட்டையைப் போன்றது அது. அதனைப் பிறரிடம் காட்டக்கூடாது. பொதுவில் வெளியிடும் நிரலுக்குள் எழுதிவைக்கவும் கூடாது.

இரண்டாவதாக, பட்டியல் கிடைக்கும் ஊர்கள் எவை என்று நிரல் கேட்க வேண்டும். எல்லா ஊர்களுக்கும் பட்டியல் இல்லை. டுவிட்டரில் உலகெங்கும் நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்குப் பட்டியல் இருந்தது. நிரலர் ஓர் இடத்தின் நிலநேர்க்கோட்டையும் நிலநிரைக்கோட்டையும் கொடுத்தால், பட்டியல் உள்ள மிக அருகிலுள்ள ஊர் எது என்பதையும் அத்தளம் சொன்னது.

மூன்றாவதாக, தேர்ந்தெடுத்த ஊரின் எண்ணைக் குறிப்பிட்டுப் பட்டியலைக் கேட்க வேண்டும். பைத்தான் மொழியில் இவ்வேண்டுகோளைச் சில வரிகளிலேயே எழுதிவிடலாம். டுவிட்டரில் ஒரு வேண்டுகோளுக்கு 50 பேசுபொருள்கள் வரை விடையாகக் கிடைத்தன. ஒவ்வொன்றுடனும் அதன் பெயர், தேடுவதற்கான சொல், கடந்த 24 மணி நேரத்தில் எழுதப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கை ஆகியவை இடம்பெற்றன.

நான்காவதாக, கிடைத்ததை நேரத்தோடு சேர்த்துச் சேமிக்க வேண்டும். பேசுபொருள் நிலையானதன்று. காலையில் முதலிடத்தில் இருந்தது மாலையில் காணாமற்போகும். நேரம் குறிக்கப்படாத பட்டியலால் பயனில்லை.

ஐந்தாவதாக, நிரல் காத்திருக்கப் பழக வேண்டும். டுவிட்டர் தன் பட்டியலை 5 நிமிடத்திற்கு ஒருமுறைதான் புதுப்பித்தது. ஆகவே, ஒவ்வொரு நிமிடமும் கேட்பதால் புதிதாக எதுவும் கிடைக்காது. மேலும், 15 நிமிடத்தில் 75 வேண்டுகோள்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்ற வரம்பும் இருந்தது. ஓர் ஊரை 5 நிமிடத்திற்கு ஒருமுறை கேட்டால், 15 நிமிடத்தில் மூன்று முறை ஆகும். அவ்வாறெனில் 75 வேண்டுகோள்களைக் கொண்டு 25 ஊர்களைத் தொடர்ந்து கவனிக்க முடியும். எளிய வகுத்தல் கணக்கே நிரலின் அளவைத் தீர்மானிக்கிறது.

பட்டியல்களைச் சேமித்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோலாலம்பூரின் பட்டியலையும் சிங்கப்பூரின் பட்டியலையும் இரு கணங்களாகக் கொண்டால், இரண்டிலும் உள்ளவை கணங்களின் வெட்டு ஆகும். அவை பெரும்பாலும் உலகக் காற்பந்துப் போட்டியையோ புகழ்பெற்ற பாடகரையோ பற்றியவையாக இருக்கும். ஒன்றில் மட்டுமே உள்ளவை அந்த ஊருக்கே உரியவையாக இருக்க வாய்ப்புண்டு. கணித வகுப்பில் கற்ற கணங்கள் என்னும் பாடம் இங்கே பயன்படுகிறது.

இத்தகைய தரவின் ஆற்றலை ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நிலநடுக்கத்தைப் பற்றி மக்கள் எழுதும் பதிவுகளை அவர்களது நிரல் கவனித்தது. ஜப்பானிய வானிலை மையத்தின் அளவுகோலில் 3 அல்லது அதற்கு மேற்பட்ட நிலநடுக்கங்களில் 96 விழுக்காட்டை அந்நிரல் கண்டறிந்தது. பதிவு எழுதும் ஒவ்வொருவரும் ஓர் உணர்கருவியைப் போல் செயல்பட்டனர்.

வெற்றிடம் சுழியம் அன்று

தொடக்க நிலை நிரலர் பலரும் ஒரு பிழையைச் செய்வதுண்டு. டுவிட்டர் அனுப்பிய விடையில் எல்லாப் பேசுபொருள்களுக்கும் பதிவுகளின் எண்ணிக்கை இருக்கவில்லை. பலவற்றில் அவ்விடம் வெற்றிடமாகவே வந்தது. அதனைச் சுழியமாக மாற்றி எழுதிவிட்டால் நிரல் தடையின்றி ஓடும். வரைபடமும் அழகாக அமையும். ஆனால், அது பொய்யான வரைபடம். எண்ணிக்கை தெரியவில்லை என்பது வேறு. எண்ணிக்கை எதுவுமில்லை என்பது வேறு. வெற்றிடத்தைத் ‘தரவு இல்லை’ என்று எழுதி வைப்பதே நேர்மையான செயலாகும்.

இவ்வேறுபாடு நிரலோடு முடிந்துவிடுவதில்லை. 2012ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் சாண்டி என்னும் புயல் அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கியது. அக்டோபர் 27 முதல் நவம்பர் 1 வரையில் அதைப் பற்றி 2 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் டுவிட்டரில் எழுதப்பட்டன. நியூயார்க் வட்டாரத்தில் மிகுதியான பதிவுகள் மன்ஹாட்டன் பகுதியிலிருந்து வந்தன. அங்கே திறன்பேசி வைத்திருப்போரும் டுவிட்டர் பயன்படுத்துவோரும் மிகுதி. கடுமையாகப் பாதிக்கப்பட்ட கடலோரப் பகுதிகளிலிருந்து வந்த பதிவுகளோ மிகக் குறைவு. மின்தடை நீண்டதால் அங்கிருந்தவர்களின் திறன்பேசிகள் செயலிழந்தன. பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் கண்டு உதவியை அனுப்பியிருந்தால், துன்பம் மிகுந்த இடத்திற்குக் கடைசியாகத்தான் உதவி சென்று சேர்ந்திருக்கும்.

நம் நாட்டு வெள்ளத்திற்கும் இது பொருந்தும். கூரையின்மேல் அமர்ந்திருப்பவரின் திறன்பேசியில் மின்கலம் தீர்ந்துவிட்டால், அவர் பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறார். சமூக ஊடகத்தில் கணக்கே இல்லாத முதியவர் ஒருபோதும் பட்டியலில் இடம்பெற்றிருக்க மாட்டார். பட்டியல் கிடைக்கும் ஊர்களில் ஒன்றாக இல்லாத உட்புறக் கிராமமும் அப்படியே. அவர்களது மௌனம் நலத்தின் அடையாளமாகாது.

மொழியும் எண்ணிக்கையும்

மலேசியக் குடிமக்களில் இந்தியர்கள் ஏறக்குறைய 7 விழுக்காட்டினர் ஆவர். தமிழ்மொழியில் எழுதப்படும் ஒரு செய்தி, நாடளாவிய பட்டியலில் ஏறுவதற்குப் பிற மொழிகளில் எழுதப்படும் செய்திகளோடு போட்டியிட வேண்டியுள்ளது. ஆகவே, தமிழர்களிடையே பெரிதும் பேசப்படும் ஒன்று பட்டியலில் இல்லாமற்போவது இயல்பே.

எழுத்து முறையும் எண்ணிக்கையைக் குறைக்கும். தைப்பூசம் என்னும் சொல்லைச் சிலர் தமிழ் எழுத்தில் எழுதுவர். சிலர் உரோமன் எழுத்தில் எழுதுவர். அதிலும் இரண்டு மூன்று வகையான எழுத்துக்கூட்டல்கள் உண்டு. நிரலர் அவற்றை ஒன்றுசேர்க்காவிட்டால், கணினி அவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே கருதும். தமிழ் எழுத்திலும் ஒரு நுட்பம் மறைந்துள்ளது. ‘பொங்கல்’ என்னும் சொல்லின் முதலெழுத்தைக் கணினி இரு வகையாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேமிப்பது ஒரு வகை. ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் இரு குறியீடுகளாகப் பிரித்துச் சேமிப்பது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால், கணினி அவற்றை வெவ்வேறு சொற்களாக எண்ணும். தரவை எண்ணுவதற்கு முன் இரு வகையையும் ஒரே வடிவமாக மாற்றும் கட்டளையை நிரலில் சேர்க்க வேண்டும். தமிழ் தெரிந்த நிரலரே இப்பிழையை எளிதில் கண்டுபிடிப்பார்.

பட்டியலையும் ஐயுற வேண்டும்

பட்டியலில் இல்லாததை ஆராய வேண்டியதைப் போலவே, பட்டியலில் உள்ளதையும் ஆராய வேண்டும். சுவிட்சர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று துருக்கியின் உள்ளூர்ப் பட்டியலை ஆராய்ந்தது. போலிக் கணக்குகள் பல ஒரே நேரத்தில் ஒரு சொல்லைப் பதிவிடும். அடுத்த சில நொடிகளில் அப்பதிவுகளை அழித்துவிடும். எண்ணிக்கை ஏறியதைக் கவனித்த தளத்தின் நிரல், பதிவுகள் அழிக்கப்பட்டதைக் கவனிக்கவில்லை. இவ்வாறு, நாள்தோறும் முதல் ஐந்து இடங்களைப் பிடித்த பேசுபொருள்களில் ஏறக்குறைய பாதி செயற்கையாக உருவாக்கப்பட்டவை என்று அவ்வாய்வு கண்டறிந்தது. ஊரே பேசுவதாகத் தோன்றியதை ஒரு சிலரே கணினியின் துணையுடன் பேசினர்.

இருப்பிடம் பற்றிய விவரமும் முழுமையானதன்று. தம் இருப்பிடத்தைத் துல்லியமாக வெளியிடுவோர் மிகச் சிலரே. பதிவுகளில் துல்லியமான இருப்பிடத்தைச் சேர்க்கும் வசதியைப் பெரும்பாலோர் பயன்படுத்தவில்லை என்று கூறி, 2019ஆம் ஆண்டில் டுவிட்டர் அதனை நீக்கியது. இது தனிமனிதப் பாதுகாப்புக்கு நல்லது. ஆயினும், ஊர்வாரியான கணக்கு ஓரளவு ஊகத்தின் அடிப்படையில் அமைகிறது என்பதையும் மறக்கலாகாது.

இன்றைய நிலை

2023ஆம் ஆண்டு பிப்ரவரியில், தன் ஏ.பி.ஐ.யைக் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வாய்ப்பை நிறுத்தப்போவதாக டுவிட்டர் அறிவித்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் தளத்தின் பெயரும் ‘எக்ஸ்’ என மாறியது. மாணவர்களும் ஆய்வாளர்களும் எழுதியிருந்த பல நிரல்கள் செயலிழந்தன. பொதுமக்களின் பேச்சே ஆயினும், அதைச் சேமித்து வைத்திருக்கும் முகப்பு ஒரு தனியார் நிறுவனத்திற்குச் சொந்தமானது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

இன்று மாணவர்கள் பயிற்சி பெற ‘கூகல் டிரெண்ட்ஸ்’ தளம் ஏற்றது. ஒரு சொல் ஒரு நாட்டிலும் அதன் மாநிலங்களிலும் எந்த அளவுக்குத் தேடப்படுகிறது என்பதை அது 0 முதல் 100 வரையிலான மதிப்பால் காட்டுகிறது. அம்மதிப்பு, அவ்விடத்தில் நடந்த மொத்தத் தேடல்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்படுகிறது. எனவே, மக்கள்தொகை குறைந்த பெர்லிஸ் மாநிலத்தைச் சிலாங்கூரோடு ஒப்பிட முடிகிறது. அங்கும் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 0 என்னும் மதிப்பு, அச்சொல்லை யாருமே தேடவில்லை என்று பொருள்படாது. கணக்கிடுவதற்குப் போதிய தரவு இல்லை என்பதே அதன் பொருள்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் சொல்லிச் சென்ற பழமொழி. நிரல் ஆயிரம் குரல்களை ஒரு நொடியில் எண்ணிச் சொல்லும். எவருடைய குரல் எண்ணப்படவில்லை என்பதை அது தானாகச் சொல்லாது. அக்கேள்வியை நிரல் எழுதுபவரே கேட்க வேண்டும். வெள்ள நாளில் பட்டியலின் உச்சியிலுள்ள ஊருக்கு உதவி அனுப்புவது முதற்கடமை. நேற்று வரை பேசிக்கொண்டிருந்து இன்று திடீரென அமைதியாகிவிட்ட ஊர் எது என்று தேடிப் பார்த்து, அங்கும் ஒரு படகை அனுப்பச் செய்வது அடுத்த கடமை. அவ்வூரையும் கண்டுபிடித்துச் சொல்லும் வகையில் எழுதப்படும் நிரலே பயனுள்ள நிரலாகும்.